காதுல இருந்தா யோகம்

கொஞ்சம் தள்ளி உக்காருங்க தம்பி. அந்த ஏ.சி. காத்து நேரா என் காதுலயே வந்து அடிக்குது, முடியெல்லாம் சிலுத்துக்குது. ஆங், இப்பச் சரி. உங்க டோக்கன் எத்தனை? பத்தொன்பதா? அப்ப மதியச் சாப்பாட்டுக்கு மேலதான். இந்த டாக்டரம்மா ஒருத்தருக்கு முக்கா மணி நேரம் எடுக்குறாங்க. நீங்க எதுக்கு வந்திருக்கீங்கன்னு நான் கேக்க மாட்டேன், அது மரியாதை இல்ல. நீங்க தொப்பியக் கழட்டித் தொடைச்சப்பவே தெரிஞ்சுபோச்சு. முடி நடத்தானே? நடுங்க, நடுங்க. இந்த ஆஸ்பத்திரியப் பாருங்க, இந்தப் பக்க ரூம்ல முடிய நடுறாங்க, அந்தப் பக்க ரூம்ல முடியப் பொசுக்குறாங்க. அங்க வேணாங்கிறதை இங்க கொண்டாந்து நட்டா சோலி முடிஞ்சது. இதைச் சொன்னா அந்த நர்சுப் பொண்ணு சிரிக்க மாட்டேங்குது.

என் பேரு சௌந்திரபாண்டி. அருப்புக்கோட்டை. பெயிண்ட் கடை. போர்டுல என் வீட்டுக்காரி பேரைப் போட்டு 'தங்கபுஷ்பம் பெயிண்ட்ஸ்'னு எழுதியிருக்கு, ஆனா அப்படிக் கேட்டா ஊருக்குள்ள ஒருத்தனுக்கும் தெரியாது. காதுமுடி அண்ணாச்சி கடை எங்கன்னு கேளுங்க, கையப் பிடிச்சுக் கூட்டியாந்து விட்டுருவாங்க. பாருங்க, நல்லாப் பாருங்க, கூச்சப்படாதீங்க. ரெண்டு பக்கமும் ஒண்ணுபோல இருக்கும். சீப்பு வச்சு வாரலாம். காதுல முடி உள்ளவன் யோகக்காரன்னு நான் சொல்லல, ஊரே சொல்லுது. எங்கப்பாவுக்குக் காது வழுவழுன்னு இருக்கும், கடைசிவரைக்கும் சைக்கிள்ல சுண்ணாம்பு வித்தாரு. எனக்கு இருபத்தெட்டு வயசுல காதுல முளைச்சுச்சு, அதே வருஷம் கடை திறந்தேன். இதுக்கு மேல என்ன சொல்ல? முடிவெட்டுற ராசையாகிட்ட ஒரே உத்தரவுதான். தலையில நீ என்ன வேணாலும் பண்ணிக்க, காதுப் பக்கம் கத்திரி வந்துச்சு, அன்னைக்கோட நம்ம பழக்கம் முடிஞ்சது.

இன்னைக்கு அந்தக் காதைத்தான் பலி குடுக்கக் கூட்டியாந்திருக்கா என் மக. பெத்த மக தம்பி. அந்த ரூம்லதான் இப்ப இருக்கா.

இந்துஜான்னு பேரு. ஒரே பிள்ளை. கோவில்பட்டி பாலிடெக்னிக்ல கரண்டுப் பாடம் எடுக்குறா, பையனுக எல்லாம் அவளக் கண்டா நடுங்குவானுக. அவ பிறந்தப்ப நீங்க பாக்கணுமே. காது மடல்ல, நெத்தியில, முதுகுல, எங்க பாத்தாலும் பூனைமுடி. அப்படியே என்னைய உரிச்சு வச்சிருந்தா. என் வீட்டுக்காரி முந்தானைய வாயில வச்சு அழுகுறா, நான் வார்டு முழுக்க லட்டு குடுத்துக்கிட்டு வர்றேன். "ஏங்க, பொம்பளப்பிள்ளைங்க இது"ன்னா. "அதனால என்னடி, யோகம் ஆம்பளைக்கு மட்டுமா"ன்னு கேட்டேன். அப்ப அப்படித்தான் கேட்டேன். அப்புறம் ஊரு உலகத்தை அனுசரிச்சுத்தானே தம்பி போகணும்.

வீட்டுல விடல. கைக்குழந்தையிலயே பயத்தமாவை உருட்டி உருட்டி முதுகுல தேச்சாக. பதிமூணு வயசுல மேலுதட்டுல கோடு தெரிஞ்சதும் கஸ்தூரி மஞ்சளும் குப்பைமேனியும் அரைச்சு அப்புனா எங்காளு, அதான் என் வீட்டுக்காரி. பிள்ளை பத்தாவது படிக்கிற வரைக்கும் மூஞ்சி ஒருநாள் மஞ்சளா இருக்கும், ஒருநாள் பச்சையா இருக்கும். முடி அது பாட்டுக்கு இருந்துச்சு. அப்புறம் பிளீச்னு ஒண்ணு போட்டாங்க, கறுப்பு மீசை போயித் தங்க மீசை வந்துச்சு. வெயில்ல நின்னா மின்னும். அப்புறம் கிரீம். பாத்ரூம்ல அது போட்டான்னா வீடே நாறும். ஒருநாள் டப்பாவ எடுத்துப் படிச்சுப் பாத்தேன், "ஏத்தா, இது நம்ம கடையில கதவு பெயிண்ட் உரிக்க விக்கிற ரிமூவர் மாதிரியில்ல இருக்கு"ன்னேன். அன்னைக்கு ராத்திரிச் சாப்பாடு எனக்கு வரல. அதுக்கப்புறம் த்ரெட்டிங். நூலை வாயில கடிச்சுக்கிட்டு ஒரு பொண்ணு இழுக்கும், பதினஞ்சு நாளைக்கு ஒருதடவை. கைகாலுக்கு வேக்ஸ். எல்லாம் சுண்ணாம்பு அடிக்கிற கதைதான் தம்பி, வருஷா வருஷம் அடிச்சுக்கிட்டே இருக்கணும்.

டாக்டர்கிட்டயும் காட்டாம இல்ல. ஹார்மோன் அது இதுன்னு எல்லா டெஸ்டும் எடுத்தாச்சு. அந்த டாக்டர் ரிசல்ட்டைப் பாத்துட்டு, "ஒரு கோளாறும் இல்ல, இது பரம்பரை"ன்னாரு. சொல்லிட்டு ஏன் என் காதைப் பாக்கணும்? அவர் பாத்தாரு, நர்சு பாத்துச்சு, என் வீட்டுக்காரி திரும்பி முறைச்சுப் பாத்தா. நான் எந்திரிச்சு வெளிய வந்துட்டேன்.

சரி, விஷயத்துக்கு வர்றேன். போன ஆவணியில சாத்தூர்லேர்ந்து பொண்ணு பாக்க வந்தாங்க. வேலாயுதம்னு, காராச்சேவு வியாபாரம், தங்கமான மனுஷன். அவர் மகன் கதிரேசன்தான் மாப்பிள்ளை, இதே மதுரையில பேங்க்ல இருக்காரு. பையன் வாயத் தொறக்கல, காப்பியக் குடிச்சுட்டுத் தரையப் பாத்துக்கிட்டிருந்தாரு. பையனோட அம்மா எங்காளைத் தனியாக் கூப்பிட்டுப் போயி, "பொண்ணு லட்சணமா இருக்கா மயினி. அந்த மேலுதடு மட்டும்… அப்பப்ப எடுக்குறது நமக்கு ஒத்துவராது. நிரந்தரமா ஏதாவது பண்ணிட்டீங்கன்னா நிச்சயத்தை வச்சுக்கலாம்"னுருச்சு. பக்குவமாத்தான் சொல்லுச்சு, குத்தம் சொல்ல முடியாது. அதே நேரம் இங்கிட்டு வேலாயுதம் என் காதையே பாத்துக்கிட்டிருந்தவரு, "யோகக் காது சம்பந்தி! இந்தக் காதுக்காகவே இந்த வீட்டுல சம்பந்தம் பண்ணலாம்"னாரு. நிச்சயமே ஆகல, அதுக்குள்ள சம்பந்திங்கிறாரு பாருங்க. எனக்கு மனசு குளுந்துபோச்சு. இந்துஜா கதவுக்கிட்ட காப்பி தட்டோட நின்னுக்கிட்டிருந்தா. ரெண்டு பேச்சும் அவ காதுல விழுந்திருக்கு.

அவங்க கார் தெருமுனை திரும்பல, இவ வந்து என் முன்னாடி நாற்காலியப் போட்டு உக்காந்தா. "சரிப்பா, நான் லேசர் பண்ணிக்கிறேன். ஒரே ஒரு கண்டிஷன். நீங்களும் உங்க காதைப் பண்ணிக்கணும். நிரந்தரமா"ன்னா. நான் சிரிச்சேன். அவ சிரிக்கல. "ஒரே முடிதானப்பா. உங்க காதுல இருந்தா யோகம், என் உதட்டுல இருந்தா அசிங்கமா"ன்னு கேக்குறா. பாருங்க தம்பி, பாலிடெக்னிக்ல பாடம் எடுக்குற பொண்ணு கேக்குற கேள்வியா இது? காது வேற, உதடு வேற. அது இருக்குற எடம் வேற, இது இருக்குற எடம் வேற. இதைக்கூடப் பிரிச்சுப் பாக்கத் தெரியல. அவ பிடிவாதம் யார்கிட்டருந்து வந்துச்சோ, எங்க பரம்பரையில அப்படி யாரும் கிடையாது. நானும் விடல, அவளும் விடல, புரட்டாசி முழுக்க வீட்டுல பேச்சுவார்த்தை கிடையாது. சாத்தூர்லேர்ந்து வாரம் ஒரு போன், "என்னாச்சு, ஆரம்பிச்சாச்சா"ன்னு. காது கண்டிஷனையும் அவர்கிட்ட நான் உளறிவச்சேன்.

கடைசியில எங்காளுதான் சொன்னா, "ஏங்க, பிள்ளைக்குக் கல்யாணம் தட்டிப்போச்சுன்னா உங்க யோகத்த வச்சு நாக்கு வழிக்கவா"ன்னு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. சரி, தற்காலிகமா எடுத்துட்டு மகளைச் சமாளிப்போம், லேசர் முடிஞ்சதும் நம்ம முடி தானா வளர்ந்துரும்னு ஒரு திட்டம் போட்டேன். ராசையாகிட்ட போனா, "அண்ணாச்சி, அந்தப் பாவம் எனக்கு வேணாம், ஒங்க கடைக்கு ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா என் மேலதான் பாய்வீங்க"ன்னு கத்திரியக் கீழ வச்சுட்டான். அப்புறம் இந்துஜா வேலைக்குப் போனப்ப எங்காளை விட்டு, அவ வேக்ஸை எடுத்துச் சூடு பண்ணி, இடது காதுல தடவி, துணிய ஒட்டி…

தம்பி, நான் ஏணியிலேர்ந்து விழுந்திருக்கேன். பெயிண்டுல கலக்குற தின்னர் கேன் கால்ல விழுந்து நகம் பேந்திருக்கு. இது அதெல்லாம் இல்ல. ஒரே இழுப்பு. நான் போட்ட சத்தத்துல பக்கத்து வீட்டுக்காரரு சட்டையில்லாம ஓடியாந்துட்டாரு. எங்காளு அந்தத் துணியைக் கையில வச்சுக்கிட்டு, "இதைத்தான் பிள்ளை பன்னெண்டு வருஷமாப் பண்ணிக்கிட்டு வர்றா, ஒருநாள் சத்தம் கேட்டிருக்கீங்களா"ன்னு கேட்டா. பொம்பளைங்க தோலு வேற மாதிரி தம்பி, அவங்களுக்கு வலி அவ்வளவாத் தெரியாது. வலது காதைத் தொட விடல நான்.

இனிமேத்தான் கேளுங்க. இடது காது வழுவழுன்னு ஆச்சு, ஐப்பசி பிறந்துச்சு. அடைமழை. கடையில ஈ, காக்கா இல்ல. ஒரு மாசம் பெயிண்ட் வாங்க ஒருத்தன் வரலீங்க. "மழையில யாருப்பா சுவருக்குப் பெயிண்ட் அடிப்பா"ங்குறா இந்துஜா. வருஷா வருஷம் ஐப்பசியில மழை பெய்யத்தான் செய்யுது, இல்லங்கல. ஆனா இந்த வருஷம் எனக்கு நெஞ்சு பகீர்ங்குது. மெதுவா முடி முளைச்சுச்சு. கார்த்திகை போச்சு, மார்கழி பிறந்துச்சு, காது பழையபடி நிறைஞ்சுச்சு. பாத்தா பொங்கலுக்கு வெள்ளையடிக்க ஊரே என் கடை வாசல்ல நிக்குது! இதுக்கு மேல ஒரு மனுஷனுக்கு என்ன நிரூபணம் வேணும்?

இந்துஜா என் காதைத் திருப்பிப் பாத்தா. "வளர்ந்துருச்சேப்பா. டெம்பரவரியெல்லாம் செல்லாது. எனக்குப் பெர்மனென்ட் கேக்குறாங்க, உங்களுக்கும் பெர்மனென்ட்தான்"னுட்டா. அதுக்குள்ள இந்த ஆஸ்பத்திரியில போன்ல விசாரிச்சிருக்கா. இங்க ஒரு கொடுமை பாருங்க, நிரந்தரமா எடுக்கணும்னா அதுக்கு முன்னாடி ஒரு மாசம் நூலு, வேக்ஸ் எதுவும் வைக்கக் கூடாதாம். வேரு உள்ள இருந்தாத்தான் லேசர் வேருல அடிக்குமாம். ஒரு மாசம் அவ மீசையோட காலேஜுக்குப் போனா தம்பி. ஒரு மாசம்! எங்காளு தலையில அடிச்சுக்கிட்டா. "துப்பட்டாவை இழுத்து மூடிக்கடி"ன்னா, கேக்கல. பொங்கலுக்கு வந்த சொந்தக்காரங்க எல்லாம் அவளைப் பாத்துட்டு என்னைப் பாப்பாங்க. "அப்பனும் மகளும் போட்டி போட்டு வளக்குறீகளா"ன்னு என் கொழுந்தியா கேட்டா. எனக்கு ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு. ஆனா அவ தலை நிமிந்துதான் நடந்தா.

இன்னைக்குக் காலையில அஞ்சரை பஸ்ஸப் பிடிச்சு வந்துட்டோம். நேத்து ராத்திரி முச்சூடும் எனக்குத் தூக்கமில்ல, காதைத் தடவிக்கிட்டே படுத்திருந்தேன். டாக்டரம்மா நல்லவங்க, பொறுமையாப் பேசுனாங்க. "நிரந்தரம்னு நாங்க எழுதித் தர மாட்டோம், ஏழெட்டுத் தடவை வரணும், ரொம்பக் குறைஞ்சிரும்"னாங்க. அதுல தப்பில்ல. பத்து வருஷ கேரண்டின்னு சொல்லித்தான் நானும் பெயிண்ட் விக்கிறேன், எந்தச் சுவரு பத்து வருஷம் நின்னுச்சு? அப்புறம் என் பக்கம் திரும்பி, பூதக்கண்ணாடி மாதிரி ஒண்ண வச்சுக் காதைப் பாத்தாங்க. பாத்துட்டு, "ஐயா, இது டைதானே"ன்னாங்க.

தம்பி, சிரிக்காதீங்க. தலைக்கு அடிக்கிறப்ப மிச்சம் இருக்குறதைக் காதுக்கும் தடவுறதுதான். ஐம்பத்தெட்டு வயசாகுதில்ல. "வேரு வெள்ளையா இருந்தா லேசர் பிடிக்காது, கறுப்பத்தான் அது தேடிப் பிடிக்கும், உங்களுக்குப் பண்ண முடியாது"ன்னுட்டாங்க. எனக்கு வந்துச்சே ஒரு சந்தோஷம்! அந்த நாற்காலியிலேயே குதிச்சிருப்பேன். "பாத்தியாம்மா, நான் தயாராத்தான் வந்தேன், மெஷின்தான் ஒத்துக்கல"ன்னேன். "வெள்ளை முடிக்கு ஊசி முறை ஒண்ணு இருக்கு"ன்னு டாக்டரம்மா ஆரம்பிச்சாங்க, "அதெல்லாம் வேணாங்க, பிள்ளையப் பாருங்க"ன்னு நான் எந்திரிச்சுட்டேன். இந்துஜா என்னையப் பாத்து, "பரவால்லப்பா, விடுங்க"ன்னா. அவ்வளவுதான். சண்டை போட்டான்னா எனக்குப் பேசத் தெரியும். இந்த மாதிரி பரவால்லன்னுட்டா என்ன பண்றதுன்னு தெரியல. அப்பலேர்ந்து இங்க உக்காந்து உங்க உசுரை எடுத்துக்கிட்டிருக்கேன்.

இருங்க, போன் அடிக்குது. சாத்தூருதான். சொன்னேன்ல, வாரம் ஒரு போன்.

"ஹலோ, சம்பந்தி, சொல்லுங்க… ஆமா, மதுரையிலதான்… காதா? காது தப்பிச்சிருச்சு சம்பந்தி! மெஷினே வேணாம்னுருச்சு… ஹஹ்ஹா, ஆமா, யோகம்னா சும்மாவா… பிள்ளை உள்ள இருக்கா, இப்பத்தான் போயிருக்கா… என்னது? வேரோடயா? ஆமா, வேரோடதான்னு சொல்றாங்க… எதுக்கு? பேரப்பிள்ளைக்கு வந்துரக் கூடாதுன்னா? எது சம்பந்தி? … எது வந்துரக் கூடாது? … ஏங்க, பிள்ளைக்கு மூஞ்சியில எடுத்தா பேரப்பிள்ளைக்கு எப்படிங்க வராமப் போகும்? … சரி, அது இருக்கட்டும். வந்தா என்னங்க? … அருவருப்பா? … அது என் முடிங்க. எங்க வம்ச முடி. என் காதுல இருந்தாக் கும்பிடுவீங்க, என் பேரனுக்கோ பேத்திக்கோ வந்தா அருவருப்பா? … நல்லா இருக்கே உங்க நியாயம்! … நீங்க சம்பந்தம் பண்ண வந்தது என் காதோடயா, என் மகளோடயா? … சத்தம் போடாம எப்படிங்க பேசுறது? வேணாங்க. காராச்சேவும் வேணாம், ஒண்ணும் வேணாம். வைங்க போனை!"

பாத்தீங்களா தம்பி? பாத்தீங்களா? தங்கமான மனுஷன்னு சொன்னேனே! என் முடிய என்கிட்டயே அருவருப்புங்கிறான்! ஐயோ, பிள்ளை உள்ள இருக்காளே. இந்தப் பையைக் கொஞ்சம் பாத்துக்கங்க, இந்தா வந்துர்றேன்.

…

பை இருக்கா? நல்லது தம்பி. கொஞ்சம் தண்ணி குடுங்க.

கதவைத் தட்டாமக் கூட உள்ள போயிட்டேன். கட்டில்ல படுத்திருக்கா, கண்ணுல கறுப்புக் கண்ணாடி. டாக்டரம்மா கையில மெஷின். "நிறுத்துங்க டாக்டரம்மா"ன்னு கத்திட்டேன். "யாரு, அப்பாவா"ங்குறா இவ, அசையாம. "எந்திரிம்மா, வீட்டுக்குப் போவோம். சாத்தூரை வேணாம்னுட்டேன். அவனுகளுக்காக நீ ஒரு முடியக்கூட எடுக்க வேணாம். அது நம்ம வம்ச யோகம்"னேன். அவ கண்ணாடியக் கழட்டிட்டு எந்திரிச்சு உக்காந்தா. "நெசமாவா? வேணாம்னுட்டீங்களா"ன்னு கேட்டா. மூஞ்சியில அப்படி ஒரு சிரிப்பு, நான் பாத்து எத்தனை வருஷமாச்சு. என் கையப் பிடிச்சு, "தேங்க்ஸ்ப்பா"ன்னா. சொல்லிட்டு மறுபடி படுத்துக்கிட்டா!

"ஏத்தா, இன்னும் எதுக்குப் படுக்குற"ன்னேன். "அப்பா, நான் சாத்தூருக்காகவா படுத்திருக்கேன்? பன்னெண்டு வருஷமா நூலும் மெழுகுமா எனக்கு அலுத்துப்போச்சு. எனக்கு வேணாம், நான் எடுக்குறேன். அவங்க பொண்ணு பாக்க வர்றதுக்கு முன்னாடியே இந்த ஆஸ்பத்திரி நம்பர் என் போன்ல இருக்கு. நீங்க வெளிய போங்க"ன்னா. எனக்கு ஒண்ணும் புரியல. "அப்ப என் காதை எதுக்குடி கேட்ட, ஆறு மாசமா என் உசுரை வாங்கி"ன்னேன்.

கண்ணாடிய மாட்டிக்கிட்டே சொன்னா. "சின்னதுலேர்ந்து என் மூஞ்சிய நடுவுல வச்சுக்கிட்டு வீட்டுல எல்லாரும் பேசுனீங்களேப்பா. உங்க காதை வச்சு ஒரு நாலு நாள் பேசுனா உங்களுக்கு எப்படி இருக்குன்னு பாப்போம்னு நினைச்சேன். அதோட, நான் கேட்டா நீங்க குடுப்பீங்களான்னு ஒரு ஆசை. வேற ஒண்ணுமில்ல. பரவால்லப்பா."

கோவமா சொல்லல தம்பி. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா. இத்தனை நாளா இவ என்கிட்ட முடியக் கேக்குறான்னுல நான் நினைச்சுக்கிட்டிருந்தேன். மெஷின் சத்தம் ஆரம்பிச்சுச்சு. அவ காலு ரெண்டும் விறைச்சு விறைச்சு அடங்குது, வாயிலேர்ந்து ஒரு சத்தம் வரல. அதைப் பாத்துக்கிட்டு நிக்க முடியல என்னால.

வாசல்ல நின்னு உதவி டாக்டர் தம்பிகிட்டக் கேட்டேன், வெள்ளை முடிக்கு ஏதோ ஊசின்னாங்களே, அது இன்னைக்கே ஆரம்பிப்பீங்களான்னு. ஒவ்வொரு முடியா ஊசி விட்டு, கரண்டு வச்சு எடுக்கணுமாம். ரொம்ப நாளாகுமாம். நல்லா வலிக்குமாம். "எந்தக் காதுக்கு ஐயா"ன்னு கேட்டாரு. ஒண்ணு போதும்னு வாய் வரைக்கும் வந்துச்சு. ரெண்டுக்கும்னு சொல்லிட்டேன். கடை என்ன ஆகுமோ. இந்துஜாகிட்ட இப்பச் சொல்லிறாதீங்க.

தோராயமா எத்தனை முடி இருக்கும்னு தெரிஞ்சா எத்தனை தடவை வரணும்னு சொல்லுவாராம். தம்பி, உங்களுக்குக் கண்ணு நல்லாத் தெரியும்ல? கிட்ட வாங்க. இந்த இடது காதுல ஆரம்பிச்சு எண்ணுங்க, மெதுவா எண்ணுங்க, அவ வெளிய வர இன்னும் நேரம் இருக்கு.